ஹோம் பிளேட் மோதலில் வீரம் எங்கே இருக்கிறது?

பேஸ்பாலில் ரன் எடுக்கத் தொட வேண்டிய இடம் ஹோம் பிளேட். அங்கே ஓடி வரும் ரன்னரும், பந்தைப் பிடித்து அவரை அவுட் ஆக்க நிற்கும் கேட்சரும் இடித்துக்கொள்வதுதான் ஹோம் பிளேட் மோதல். 2014-இல் வந்த விதியால் அந்த மோதலின் வீரமே போய்விட்டது என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் வருந்துகிறார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2011 மே 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆட்டத்தின் 12-ஆவது இன்னிங்ஸை ஒருமுறை பாருங்கள். ஓடி வந்த ஸ்காட் கசின்ஸ் தோளால் இடித்தபோது கேட்சர் பஸ்டர் போசியின் கையில் பந்தே இல்லை. இடது கால் உடம்புக்கு அடியில் மடங்கி, எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார்கள் கிழிந்து, மண்ணில் குப்புறக் கிடந்தார். அந்த சீசன் அவருக்கு அதோடு முடிந்தது. கசின்ஸ் அன்றைய விதியை மீறவில்லை. எனக்கு அதுதான் பெரிய வேதனை.

இப்போது ரன்னர் நேர்வழியை விட்டு விலகிப் போய் இடிக்கக் கூடாது. பந்து கையில் இல்லாத கேட்சர் வழியை மறிக்கக் கூடாது. சரி, தீர்ப்பு சொல்வது சுலபமா? இல்லை. 2014 ஜூலை 31 அன்று சின்சினாட்டி அணியின் ரன்னர் கோசார்ட்டை மயாமி அணியின் கேட்சர் மேத்திஸ் தெளிவாக அவுட் ஆக்கினார். ஆனால் வழியை மறித்தார் என்று ரீப்ளே பார்த்து, அவுட்டை மாற்றி ரன் கொடுத்துவிட்டார்கள். அது அநியாயம். மேத்திஸ் மறித்தாலும் மறிக்காவிட்டாலும் கோசார்ட் அவுட்தான். அப்புறம் செப்டம்பரில் அப்படிப்பட்ட அவுட்டை மாற்ற வேண்டாம் என்று விளக்கம் வந்தது.

என்னைக் கேட்டால், பந்து வருவதற்கு முன் கேட்சரின் பாதம் எங்கே இருந்தது என்பதைத்தான் அம்பயர் முதலில் பார்க்க வேண்டும். பிளேட்டின் முன் ஓரத்தில் நின்று வழி விட்டிருந்தால், பந்தைப் பிடிக்க நகர்ந்தபோது நடந்த உரசலுக்கு அவரைக் குற்றம் சொல்லக் கூடாது.