அப்பாவின் சிடிகளும் என் ஃபிளாக் கோப்புகளும்

"என்ன இருந்தாலும் கணினிக் கோப்பில் சிடி சத்தம் வராது" என்று சொல்லும் நண்பர்களுக்கு இது.

அப்பா பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிச் சேர்த்த சிடிகளை ஒரு மாதமாகக் கணினியில் ஏற்றி ஃபிளாக் (FLAC) என்ற வகை ஒலிக் கோப்புகளாக மாற்றி வருகிறேன். ஒலியில் வித்தியாசம் இல்லை, இருக்கவும் வழியில்லை. சிடியில் இருப்பதும் எண்கள்தான்: இடம், வலம் என ஒவ்வொரு பக்க ஒலிக்கும் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். எம்பி3 இதில் ஒரு பகுதியை எறிந்துவிடும். ஃபிளாக் எதையும் எறியாது. மடித்த சேலையை உதறினால் அதே சேலை வருவது மாதிரி, ஒரு பிட் மாறாமல் திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்று. வட்டில் கீறல் பெரிதாக இருந்தால், பிளேயர் விட்டுப்போன இடத்தைத் தானே ஊகித்து நிரப்பிவிடும், நமக்குத் தெரியாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், முடியாவிட்டால் சொல்லிவிடும்.

அப்புறம் ஏன் வட்டுகளைத் தூக்கிப் போடவில்லை? நான் கவலைப்படுவது கோப்பு எந்த மூலப் பதிவிலிருந்து வந்தது என்பதைப் பற்றி. அப்பாவிடம் 90களில் வந்த ஒரு வட்டு இருக்கிறது. தபேலா மெதுவாகத் தொடங்கி, பல்லவி வரும்போது எழும்பும். அதே பாட்டு இப்போது இணையத்தில் 'ரீமாஸ்டர்' (பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்தது) என்று கிடைக்கிறது. ஃபிளாக் போல எதையும் எறியாத லாஸ்லெஸ் கோப்புதான், ஆனால் முதல் நொடியிலிருந்தே எல்லாம் ஒரே அளவு சத்தம். மெல்லிய இடமே இல்லாத பாட்டில் எழுச்சி எங்கிருந்து வரும்? எனக்கு அது பெரிய இழப்பு.

வட்டு என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஒரு சிடியை ஸ்பெக்ட்ரத்தில், அதாவது ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தில், பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல ஒன்றுமே இல்லை. எம்பி3யிலிருந்து கணினியில் எரித்த (பதிவு செய்த) வட்டு! அதை ஃபிளாக் ஆக்கினாலும் போனது போனதுதான்.

சரி, உங்கள் வீட்டிலும் பழைய அசல் சிடிகள் இருந்தால், தயவுசெய்து பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். முதலில் கோப்பாக்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் சிடி உறையின் அட்டைகள் பூஞ்சை பிடிக்கின்றன. பாடியவர், வாசித்தவர் பெயர்களெல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கின்றன. அதையும் படம் எடுத்துவிடுங்கள்.

எனக்கு இன்னும் பதினேழு வட்டுகள் பாக்கி. அதில் இரண்டு அப்பா தானே எரித்தவை, மேலே அவர் கையெழுத்து. எரித்த வட்டில் பாட்டு சாயத்தில் பதிந்திருக்கும், அது சீக்கிரம் மங்கும். இன்று இரவு அவற்றைத்தான் முதலில் எடுக்கிறேன்.