நான்கு வருடம் பத்து மாதம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலும் தோல் பதனிடும் டேனரியிலும் வேலை பார்ப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கம்பெனி நடத்துபவர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஐந்து வருடம் நிறைய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது சில கம்பெனிகளில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள். வெள்ளைத்தாளில் ‘சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் அதே லைன், அதே தையல் மிஷின், அதே சூப்பர்வைசர்தான். டோக்கன் நம்பர் மட்டும் புதிது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகக் கணக்கு முடித்துக் கொடுக்கும் கம்பெனிகளும் இங்கே உண்டு. ஆனால் இந்த வெள்ளைத்தாளைப் பற்றி நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் தலையாட்டுவார்கள்.

காரணம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனியில் ஐந்து வருடம் தொடர்ந்து உழைத்தவருக்கு, விலகும்போது வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று 1972ஆம் வருடச் சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதிலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனாலோ, உடல் முடங்கிப்போனாலோ ஐந்து வருடக் கணக்கே பார்க்கக் கூடாது.

வெள்ளைத்தாள் வாங்குகிறவர்கள் மறைக்கிற விஷயம் ஒன்று உண்டு. நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அது ஐந்து வருடச் சேவைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. மாதம் 26 நாள் வீதம் பத்து மாதத்துக்கு 260 நாள் ஆகிறது. இடையில் சம்பளத்தோடு எடுத்த லீவும் வேலை நாள்தான். பிரசவ விடுப்பையும் 26 வாரம் வரை சேவையாகவே எண்ண வேண்டும். அப்படியானால் நான்கு வருடம் பத்து மாதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புகிற கம்பெனி, அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குக் கிராஜுவிட்டி கொடுக்கக் கடமைப்பட்டது. ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது என்று சிலர் சொல்வது சுத்தப் பொய். ஓய்வு பெற்றாலும் ராஜினாமா செய்தாலும் உண்டு. விண்ணப்பம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கணக்குப் போட்டு முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. தாமதித்தால் வட்டியும் சேரும்.

நான் பல வருடம் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவன். இப்போது தெருவில் உள்ளவர்களுக்கு பி.எஃப் கிளெய்ம் போட்டுக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்த ஓர் அக்கா கண் பார்வை மங்கிப்போய் வேலையை விட்டுவிட்டார். கிராஜுவிட்டி கேட்டீர்களா என்றேன். “தம்பி, என் பொண்ணு கல்யாணத்துக்கு முதலாளிதான் முப்பதாயிரம் கொடுத்தாரு. அவருகிட்டப் போய் இதைக் கேட்டா நன்றி கெட்டவள்னு நெனைக்க மாட்டாரா?” என்றார்.

அந்த முப்பதாயிரம் அட்வான்ஸ். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து எப்போதோ கழித்துவிட்டார்கள். அது அக்காவுக்கும் தெரியும். இருந்தும் அவர் மனதில் அது கடனாகவே நிற்கிறது. நம் பக்கத்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவு இப்படித்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு வருவார், மொய் வைப்பார், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பணம் கொடுத்து அனுப்புவார். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு முதலாளி தன் காரையே அனுப்பி உயிரைக் காப்பாற்றிய கதையும் எனக்குத் தெரியும். அந்த நல்ல மனதுக்கு நன்றி சொல்லலாம், காலம் முழுக்க சொல்லலாம். ஆனால் அதைக் காட்டி, உழைத்துச் சேர்த்த பணத்தை விட்டுக்கொடு என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த அக்காவின் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் 6,000. பன்னிரண்டு வருடத்துக்கு 72,000 ரூபாய். கண் ஆபரேஷனுக்குக் கையில் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு 72,000 என்பது சின்னத் தொகையா?

சரி, முதலாளிகளின் கஷ்டமும் உண்மைதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியை நம்பியிருக்கும் நம் பகுதி எப்படிக் கலங்கியது என்று பார்த்தோம். ஆர்டர் இல்லாத மாதத்தில் சம்பளம் போடவே திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிராஜுவிட்டி திடீரென்று தலையில் விழுகிற செலவு இல்லையே. பதினைந்து நாள் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் நூறு ரூபாய் சம்பளத்துக்கு ஐந்து ரூபாய்கூட வராது. எல்.ஐ.சி.யில் இதற்கென்றே குழுத் திட்டம் இருக்கிறது, வருடா வருடம் கட்டிக்கொண்டு வரலாம். ஒரு ஜோடி ஷூவுக்கு விலை சொல்லும்போது தோல், சோல், பசை, டப்பா வரை எழுதுகிறவர்கள் இந்த ஐந்து ரூபாயையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டுவிட்டு, கடைசியில் அதைத் தைத்தவளின் கணக்கில் கழிப்பது நியாயமே இல்லை.

பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி என்று தைப்பவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு, கடைசி மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை எடுக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் குறித்து எடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய சட்டப்படி ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி வரும். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதும் இப்போது கட்டாயம். அதை மட்டும் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய் எட்டு வருடம் உழைத்தவர்களிடம் கம்பெனி பெயர் போட்ட ஒரு காகிதம்கூட இல்லாததை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதலில் கேட்பதே அதைத்தான்.

ஏற்கெனவே வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், அவ்வளவுதான் என்று விட்டுவிட வேண்டாம். கிராஜுவிட்டியை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது, எந்த ஒப்பந்தம் போட்டாலும் சட்டம்தான் மேலே நிற்கும். பி.எஃப் பாஸ்புக்கில் எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று வரிசையாக இருக்கும். ஈ.எஸ்.ஐ. பதிவிலும் இருக்கும். இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப் போனால் மனு போடுவது சிக்கலாகும், அதனால் சீக்கிரம் செய்யுங்கள். அந்த அக்காவுக்கு மனு எழுதியாகிவிட்டது, அவர் இன்னும் தயங்குகிறார். வேறு யாருக்காவது எழுத வேண்டும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வேலூர் ஆபீஸுக்கு நானே கூட வருகிறேன்.