அந்தப் பாட்டு 4 நிமிஷம் 51 செகண்ட்தான், கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள்

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் எல்லோரும் அந்த வீடியோவையே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லிங்க் கொடுத்து அவருக்கு இன்னும் நாலு வியூஸ் சேர்த்துவிடவும் மனசில்லை. "உலகமே தடை செய்த நாஜி பாட்டு" என்று தம்ப்நெயில், அதில் ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. பன்னிரண்டு நிமிஷ வீடியோவில் பாட்டு ஓடுவது ஆறே செகண்ட். அதை ஷேர் செய்து, என்னை டேக் பண்ணி, "அண்ணே, உங்க ஆளுங்க பாட்டாமே?" என்று சிரிப்பு பொம்மை போட்ட தம்பிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்க மெட்டல் பேண்ட் ஸ்லேயரின் 'ஏஞ்சல் ஆஃப் டெத்' நாஜி பாட்டு இல்லை. ஒரு நாஜியைப் பற்றிய பாட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் தெரியாதவர்கள் மைக் முன்னால் உட்காரக் கூடாது.

யாரைப் பற்றி? யோசெஃப் மெங்கலே. 1943 மே மாதம் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு வந்த, ஹிட்லரின் எஸ்.எஸ். படை மருத்துவர். ரயிலில் இருந்து இறங்குகிறவர்களில் யார் வேலைக்கு, யார் விஷவாயு அறைக்கு என்று பிரித்தவர்களில் ஒருவன். இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பரிசோதனை செய்தவன். 'ஏஞ்சல் ஆஃப் டெத்', அதாவது 'மரண தேவதை' என்ற பட்டம் ஸ்லேயர் வைத்ததே இல்லை, முகாமில் இருந்தவர்கள் வழியாக வந்தது. வீடியோக்காரர் அதையே பாராட்டுப் பத்திரம் மாதிரி வாசிக்கிறார்.

பாட்டு ஏன் 1986இல் வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். 1985 பிப்ரவரியில் மெங்கலேயிடம் சிக்கித் தப்பிய இரட்டையர்கள் ஜெருசலேமில் பொது விசாரணை மாதிரி கூடி, நடந்ததைச் சொன்னார்கள். அதே வருஷம் ஜூனில் பிரேசிலில் எம்பு என்ற ஊரில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். வேறொருவன் பெயரில் புதைக்கப்பட்டிருந்தது மெங்கலே. 1979இல் கடலில் குளிக்கப் போனவன் அப்படியே செத்துப்போயிருக்கிறான். போர் முடிந்து முப்பத்துநாலு வருஷம் ஒரு நாள்கூட கோர்ட் படி ஏறாமல். 1992 டி.என்.ஏ. பரிசோதனைதான் அது அவன் எலும்பு என்று உறுதி செய்தது. செய்தித்தாள் முழுக்க அவன் பெயர் அடிபட்ட அந்தக் காலத்தில், டூர் போகும்போது மெங்கலே பற்றிய புத்தகங்களை வாங்கிப் படித்துவிட்டு கிட்டாரிஸ்ட் ஜெஃப் ஹன்னமன் எழுதியதுதான் இந்தப் பாட்டு. வரிகளும் அவர்தான், இசையும் அவர்தான்.

இனி "உலகமே தடை செய்த" என்ற கதை. இந்தப் பாட்டு இருக்கும் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தைப் போட்டது டெஃப் ஜாம் என்ற ரெக்கார்டு கம்பெனி. அதற்கு விநியோகம் செய்துவந்தது கொலம்பியா. இந்தப் பாட்டையும் அட்டைப் படத்தையும் பார்த்துவிட்டு, ஆல்பத்தை வெளியிட மாட்டோம் என்று கை கழுவியது. கெஃபன் என்ற இன்னொரு கம்பெனி எடுத்து 1986 அக்டோபரில் கடைக்கு அனுப்பியது. தன் வெளியீட்டுப் பட்டியலில்கூட பேர் போடாமல்! கொள்கைப் பிடிப்பாம். காசு மட்டும் வரலாம். ஆல்பம் அமெரிக்க விற்பனைத் தரவரிசையான பில்போர்ட் 200இல் 94ஆம் இடம் வரை போனது, 1992இல் அமெரிக்காவில் கோல்டு சான்றிதழ் வாங்கியது. ஒரு கம்பெனி பயந்துபோய் ஒதுங்கியதற்குப் பெயர் உலகத் தடையா?

அந்த வீடியோவில் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது "வெறும் இரைச்சல்" என்ற ஒற்றை வார்த்தை. இரைச்சலா? ஒரு சொல்கூடக் காதில் இருந்து தப்பக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பதிவு அது.

ஸ்லேயரின் அதற்கு முந்தைய ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். எதைத் தொட்டாலும் ரிவெர்ப், பெரிய மண்டபத்தில் வாசித்த மாதிரி நீளும் எதிரொலி. 'ரெய்ன் இன் பிளட்'டுக்கு தயாரிப்பாளராக வந்த ரிக் ரூபின் அதுவரை ஹிப்ஹாப் ரெக்கார்டு போட்டவர். சவுண்ட் என்ஜினியர் ஆண்டி வாலஸ். இருவரும் சேர்ந்து அந்த ரிவெர்பைத் துடைத்து எறிந்தார்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு சுமார் 210 பீட். ஒரு பீட்டுக்கு இரண்டு அடி என்று வைத்தாலே செகண்டுக்கு ஏழு அடி, ஒவ்வொன்றுக்கும் நடுவே 143 மில்லிசெகண்ட். இதன்மேல் ஒன்றரை செகண்ட் நீளும் ரிவெர்ப் போட்டால், ஒரு அடியின் வால் அடுத்த பத்து அடியின் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் துண்டு, அதான் ரிஃப், கரைந்து கூழாகிவிடும், பாடகர் டாம் அராயாவின் வரிகள் அதற்குள் முங்கிப்போகும். ரிவெர்பை எடுத்தவுடன் கிட்டார் காதருகே வந்து நிற்கிறது, ஸ்நேர் டிரம் சுள்ளென்று விழுகிறது, சொல் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கிறது. மூடி மறைத்து விஷம் பரப்ப நினைத்தவன் செய்கிற மிக்ஸா இது?

நம் பையன்கள் ஜாம் ரூமில் இதை வாசிக்கும்போது சொதப்புவதும் இங்கேதான். கிட்டார் தந்திகளின் சுருதியை ஈ ஃபிளாட்டுக்கு அரை ஸ்டெப் இறக்குவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பு. ஆம்ப்பில் உறுமலைக் கூட்டும் கெயினைக் கடைசி வரை திருகுவார்கள், நடு அலைவரிசையான மிட்டைப் பூஜ்யத்துக்கு இறக்குவார்கள். தனியாகக் கேட்டால் பயங்கரமாக இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும், ஏனென்றால் மற்ற வாத்தியங்களுக்கு நடுவில் கிட்டாரைக் காதுக்குக் கொண்டுவருவதே மிட்தான். கெயின் கூடினால் தந்தியை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கி, பாம் மியூட் செய்த இடைவெளியெல்லாம் நிரம்பி, நறுக் நறுக்கென்று கேட்க வேண்டியது ஒரே கொர்ராகிவிடும். கெயினைக் குறைத்து மிட்டை ஏற்றுங்கள், பிக்கைத் தந்தியில் ஆழமாக விடாமல் நுனியால் தொடுங்கள். டிரம்மர் 210இல் ஆரம்பித்து இரண்டாவது சரணத்தில் 190க்கு இறங்குவது தோள்பட்டையால் அடிப்பதால். மணிக்கட்டும் விரலும் வேலை செய்ய வேண்டும். கடைசிப் பகுதியில் எல்லோரும் நின்றுவிட, ஸ்லேயர் டிரம்மர் டேவ் லொம்பார்டோவின் இரண்டு கிக் டிரம் மட்டும் தனியாக ஓடும் இடம் இருக்கிறதே, அங்கே இடது கால் வலது கால் அளவுக்குப் பழகியிருக்காவிட்டால் மறைந்துகொள்ள இடமே கிடையாது.

நடுப்பகுதியில் வேகம் சட்டென்று பாதியாக இறங்கும். அறுவை அறையில் நடப்பதைப் பாட்டு வரிசையாகச் சொல்வது அங்கேதான். தலையாட்டிக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் வரியைக் கேட்டே ஆகவேண்டும். அதே ரிஃபைத்தான் 1988இல் பப்ளிக் எனிமி எடுத்து 'ஷி வாட்ச் சேனல் ஸீரோ' பாட்டில் போட்டார்கள். அமெரிக்கக் கறுப்பின அரசியலைப் பாடிய குழு அது. அவர்கள் காதுக்கு இது வெள்ளை இனவெறிக் கீதமாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"தப்பு என்று பாட்டு ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லையே?" இதே கேள்வி நாற்பது வருஷமாக. அவன் கெட்டவன் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்கிற ரீதியில் ஹன்னமனே பேட்டியில் பதில் சொல்லிவிட்டார். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் கொலைகாரனைத் திட்டியிருக்கிறதா என்று தேடுவீர்களா? போகட்டும், பாட்டு அவனைக் கசாப்புக்காரன் என்கிறது, நாறிப்போனவன் என்கிறது. செத்தவர்களைத் தீங்கறியாத பலியாட்கள் என்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும், கடைசியில் ஒரு திருக்குறளா?

"அவனை மன்னன் என்றும் ஒரு வரி வருகிறதே?" வருகிறது. எதற்கு மன்னன் என்று அதே வரியை முழுசாகப் படியுங்கள். பிணங்களின் ராஜ்யத்துக்கு.

"பாடகர் சிலியில் பிறந்தவர், டிரம்மர் ஹவானாவில் பிறந்தவர், தயாரிப்பாளர் யூதர், அப்புறம் எப்படி நாஜி பேண்ட்?" என்று நம் ஆட்களே வக்காலத்து வாங்குவீர்கள். வேண்டாம். உண்மைதான், ஆனால் சப்பை வாதம். பாட்டு நிற்பதானால் பாட்டாகவே நிற்கட்டும்.

அடுத்து நீட்டப்போவது பேண்டின் கழுகுச் சின்னம், ஜெர்மன் ராணுவத்தின் பெயரில் ரசிகர் மன்றம், ஹன்னமன் சேர்த்து வைத்த நாஜிப் பதக்கங்கள். பதக்கங்களுக்குப் பதில் இருக்கிறது. அவர் அப்பா இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்கு எதிராகச் சண்டை போட்டவர், சேகரிப்பு அவர் கொடுத்ததில் இருந்துதான் ஆரம்பித்தது. மற்ற இரண்டும் மடத்தனம். விடுங்கள், அடுத்தது.

முகாமில் இருந்து தப்பியவர்களும் அவர்கள் குடும்பங்களும் இந்தப் பாட்டைக் கண்டித்தார்கள். அவர்களிடம் நான் வாதம் பண்ணப் போவதில்லை. அவர்கள் கேட்க வேண்டியதில்லை, பிடிக்க வேண்டியதில்லை, எனக்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் வீடியோக்காரர் அந்தக் குடும்பத்தில் ஒருவர் இல்லை. அவர் வியூஸைக் காசாக்கும் மானிட்டைசேஷன் குடும்பம்.

நிஜமாகவே விமர்சிக்க ஆசை என்றால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். உறைபனித் தண்ணீரில் மனிதனை அமிழ்த்தி எவ்வளவு நேரம் தாங்குகிறான் என்று பார்க்கும் வரிகள் பாட்டில் வருகின்றன. அந்தப் பரிசோதனை மெங்கலே செய்ததில்லை. 1942–43இல் டாஹாவ் முகாமில் சிக்மண்ட் ராஷர் என்ற மருத்துவன் செய்தது. வேறு முகாமில் வேறொருவன் செய்த கொடுமையை ஹன்னமன் அவுஷ்விட்ஸ் கணக்கில் எழுதிவிட்டார். ஆவணம் மாதிரி எழுதப்பட்ட பாட்டுக்கு இது சின்னக் குறை இல்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் இது வந்ததா? வராது. வர வேண்டுமென்றால் வரிகளைப் படித்திருக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் வலிப்பது வீடியோ இல்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வந்து ரிஃப் பற்றியும் டியூனிங் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே அதைப் பார்த்துவிட்டு "அப்படியாண்ணே?" என்று கேட்கிறீர்களே, அதுதான். இத்தனை நாள் நான் எழுதியதை எந்தக் காதில் வாங்கினீர்கள்? குத்துப் பாட்டு கேட்கிறவனிடம் யாரும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை. கத்தியைச் சுழற்றி நூறு பேரை வெட்டும் ஹீரோவுக்குப் பாலாபிஷேகம் பண்ணலாம், அது மாஸ். மெட்டல் கேட்கும் கறுப்பு டி-ஷர்ட்காரன் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, "நான் கொலைகாரன் இல்லைங்க" என்று நிரூபிக்க வேண்டும். மெங்கலே செத்ததோ கடலில் குளிக்கும்போது, கையில் விலங்கில்லாமல். அவனைப் பிடிக்க முடியவில்லை, அவனைப் பற்றிப் பாடியவனை மட்டும் விடாமல் பிடித்துவிட்டார்கள்.

ஹன்னமன் 2013 மே மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். 2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஃபோரம் அரங்கில் பிரியாவிடை டூரின் கடைசி நிகழ்ச்சி நடந்தபோது, கடைசியாக வாசித்ததும் இதே பாட்டைத்தான். மன்னிப்பும் கேட்கவில்லை, வரியையும் மாற்றவில்லை.

கேட்பதானால் 1986 ஆல்பம் பதிவையே கேளுங்கள், ஹெட்போனில், வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு. போனில் எடுத்த லைவ் கிளிப் வேண்டாம், அதில் நடுப்பகுதி வரிகள் பாதி விழாது. கேட்டுவிட்டு வந்து எவ்வளவு திட்டினாலும் பதில் சொல்கிறேன். "அப்போ ஹிட்லரும் நல்லவனா?" என்று ஆரம்பிக்கிறவர்களை மட்டும் பிளாக் பண்ணுவேன், அப்புறம் இன்பாக்ஸில் வந்து கோபித்துக்கொள்ள வேண்டாம். டேக் பண்ணிய தம்பியை இன்னும் பிளாக் பண்ணவில்லை. ராத்திரிக்குள் கேட்டுவிட்டு வருவார் என்று பார்க்கிறேன்.