கிளிமீனைக் காப்பாற்றிய மாமா

ராத்திரி ஒன்றரை மணி. கரண்ட் போய் ஒரு மணி நேரம். இருட்டில் பேட்டரி பம்ப் மட்டும் கொரகொரவென்று ஓடுகிறது. கூடத்திலிருந்து திருத்துறைப்பூண்டி மாமா அலறுகிறார்: “மாப்ள, ஓடியா! உன் மீனை எவனோ பாலிதீன் கவர்ல போட்டுக் கட்டிருக்கான்!”

எவன் மாமா கட்டுவான்? நட்டநடு ராத்திரியில் எட்டடிக் கடல்நீர்த் தொட்டிக்குள் கையை விட்டு, மீனைப் பிடித்துப் பார்சல் கட்டி, மறுபடியும் பாறை இடுக்கில் சொருகிவிட்டுப் போகிற அளவுக்கு மயிலாடுதுறையில் யாருக்குப் பொழுது போகவில்லை?

அது கவர் இல்லை. கிளிமீன், அதாவது கிளி அலகு மாதிரி வாய் உள்ள கடல் மீன், தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் கொசுவலை. எல்லா இனமும் கட்டாது, என்னிடம் இருப்பது கட்டும். தூங்கப் போகும்போது வழவழவென்று ஒரு கூழைச் சுரந்து, உடம்பு முழுக்கக் கண்ணாடித்தாள் மாதிரி போர்த்திக்கொள்ளும். ரத்தம் உறிஞ்ச வரும் குட்டிக் கடல் பூச்சிகள் அண்டாமல் இருக்கத்தான் அந்தப் பாடு. டெல்டாக்காரருக்குக் கொசுவலையைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டுமா?

நான் எழுந்து, கண்ணாடியைத் தேடி, வேட்டியை இறுக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடுவதற்குள் மாமா மூடியைத் திறந்துவிட்டார். இடது கையில் என் டார்ச். வலது கை முழங்கை வரை தண்ணீரில். கவரைக் கிழிக்கிறாராம். “மாமா, வேண்டாம்!” என்று நான் கத்தியதை, சீக்கிரம் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. இரண்டு விரலால் பிடித்து ஒரே இழுப்பு. மீன் தூக்கிவாரிப் போட்டுக் கிளம்பி, இந்தக் கண்ணாடியில் ஒரு மோதல், அந்தக் கண்ணாடியில் ஒரு மோதல். மாமா கையை வெளியே எடுக்கிறார், விரலெல்லாம் கொழகொழ. முகர்ந்து பார்க்கிறார். முகர்ந்துவிட்டு என் திரைச்சீலையில் துடைக்கிறார்.

விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு. கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் சுண்ணாம்புத் தெளிநீர் விடுவதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதைச் சொட்டுச் சொட்டாக, அளந்து விடுவார்கள். மாமாவின் கட்டைவிரல் வழியாக இல்லை.

வந்த நாளிலிருந்தே இதுதான் கதை. முதல் நாள், “பேரட் ஃபிஷ்னா ஆரஞ்சு கலர்ல, குண்டா, வாய் மூடாம இருக்குமே, அதுவா?” மாமா, அது 1980களில் தைவானில் இரண்டு சிக்லிட் இனங்களைக் கலந்து உண்டாக்கிய நன்னீர் மீன். இதற்கும் அதற்கும் பெயர்தான் ஒற்றுமை. இரண்டாம் நாள் உப்பு. 1,400 லிட்டருக்கு, லிட்டருக்கு 35 கிராம் என்று 49 கிலோ உப்பை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அங்க போர்த் தண்ணி உப்பாயிடுச்சுன்னு நாங்க அழுவுறோம், நீ உப்பை வாங்கிக் கரைக்கிறியா? வேதாரண்யத்துல சொன்னா மூட்டையா வருமே!” வரும் மாமா. உப்பளத்தில் உப்பு பூத்ததும் மக்னீசியமெல்லாம் வடிகிற நீரோடு போய்விடும். மிச்சத்தை வைத்து ரசம் வைக்கலாம், கடல் வைக்க முடியாது.

மூன்றாம் நாள் மணல். கிளிமீன் அலகால் பாறையைக் கடக் கடக்கென்று கொறித்து, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாம் பல் வரிசையில் அரைத்து, மணலாக வெளியே தள்ளும். மாலத்தீவில் வெள்ளை மணலில் நின்று போட்டோ எடுக்கிறார்களே, அதில் பெரும்பங்கு இதன் சொந்தக்காரர்கள் போட்டதுதான். இதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். மாமா கொஞ்சம் யோசித்தார். “கொள்ளிடத்துல மணல் அள்ள விடமாட்டேங்குறான். இதுல வருசத்துக்கு ஒரு யூனிட் தேறுமா?”

விடியும்வரை தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் மீன் ஒன்றுமே நடக்காதது போல் வந்து, தீனியாகப் போட்ட கடற்பாசித் தாளைக் கடித்தது. பின்னாலிருந்து மாமா: “பாத்தியா? கவரைக் கிழிச்சதாலதான் இப்ப மூச்சு விடுது.”

முதல் டிகாஷனை அவரே குடித்துவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போனார். ஒன்பது மணிக்கு அத்தை போன். “மாமா நேத்து உன் மீனைக் காப்பாத்தினாராமே? அவருக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் குடுக்கக் கூடாதா தம்பி?”

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

எடுத்துக் கொடுக்கிறேன் அத்தை. என் டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், அதை முதலில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இன்றைக்கும் கரண்ட் போகும்.