சிங்கப்பூரில் பிறந்தால் மட்டும் குடியுரிமை கிடைத்துவிடாது
விசிட் பாஸில், அதாவது குறுகிய காலம் தங்கும் அனுமதியில், வந்து இங்கே பிள்ளை பெற்றவர்களைப் பற்றிய கட்டுரையின் கீழே, ‘பிள்ளைக்கு சிங்கப்பூர்க் குடியுரிமை கிடைக்கும்தானே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்காது. பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். எங்களைப் பார்க்க வந்த நாத்தனாருக்கு இங்கேயே குறைமாதப் பிரசவமாகிவிட்டது. பிறந்தபோது பிள்ளைக்கு சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லை என்று பிறப்புச் சான்றிதழிலேயே போட்டிருந்தார்கள். 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அப்புறம் இந்தியத் தூதரகம். பெற்றோர் இந்தியர் என்றால் ஓராண்டுக்குள் அங்கேயும் பதிந்துவிடுங்கள். தாண்டினால் டெல்லியின் அனுமதி வேண்டும். இந்த அலைச்சலைப் பச்சை உடம்புக்காரி தலையில் கட்டாமல் வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.