புருவத்தை மறைச்சுட்டு எப்படிங்க கேள்வி கேக்கறது?

அக்கா பொண்ணுக்கு காது கேக்காது, ஒம்போது வயசு. அவகூட பேசணும்னுதான் நான் இப்ப சைகை மொழி கத்துக்கிறேன். போன சனிக்கிழமை சிங்கப்பூர் செங்காங்ல இருக்கற வீட்டுக்கு ஃப்ரெண்ட் ஒருத்தர் விஆர் ஹெட்செட் எடுத்துட்டு வந்தாரு, கண்ண மூடி மாட்டிக்கிட்டா நம்மள சுத்தி வேற உலகமே தெரியுமே அது, சைகை சொல்லித்தர்ற ஆப்போட.

நல்லாதாங்க இருந்துச்சு. புஸ்தகத்துல அம்புக்குறி போட்ட படத்தைப் பாத்து, கைய எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியாம முழிச்சிருக்கேன், இதுல சைகை காட்டுற உருவத்தைச் சுத்தி வந்து அதோட தோளுக்குப் பின்னாடி நின்னே பாக்கலாம். அஞ்சு விரலையும் விரிச்சு கட்டைவிரலால தாடைய தொட்டா அம்மா, அதே கைய நெத்திக்கு ஏத்துனா அப்பா. கை மாறல, இடம்தான் மாறுது. ஒவ்வொரு சைகையையும் கையோட வடிவம், இடம், அசைவுன்னு 1960லயே வில்லியம் ஸ்டோக்கிங்கற அமெரிக்க மொழி ஆராய்ச்சியாளர் பிரிச்சு எழுதினது அன்னிக்குத்தான் எனக்கு உடம்புல புரிஞ்சுது.

ஆனா அது அமெரிக்க சைகை மொழி. நம்ம சிங்கப்பூர் சைகை மொழியில அது நிறைய கலந்திருக்குதான், ஆனா 1954ல பெங் சூ யிங்னு காது கேளாத ஷாங்காய்க்காரர் ஒருத்தர் இங்க பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு, அவரோட ஷாங்காய் சைகையும் சேர்ந்துச்சு, இங்கயே பொறந்த சைகைகளும் இருக்கு. ஆப் செய்யறவங்க நம்ம ஊர் காது கேளாதவங்கள கூப்பிட்டு, அவங்க கையையும் முகத்தையும் எல்லாப் பக்கத்துலேர்ந்தும் படம்பிடிச்சு செய்யணும், எந்த சொல்லு சரின்னு அவங்கதான் முடிவு பண்ணணும். இந்த ஆப்புல வர்ற பொம்மை உருவத்துக்கு மூஞ்சி அசையவே மாட்டேங்குது.

முகம்தாங்க முக்கியம். ஆமாவா இல்லையான்னு கேக்கும்போது புருவத்தைத் தூக்கணும், தூக்கலன்னா கேள்வியே இல்ல. ஹெட்செட் மறைக்கிறதே அந்தப் புருவத்தைத்தான்! அதனால சொல்லு மனப்பாடம் ஆகறதுக்கு கொஞ்ச நேரம் மாட்டிக்கலாம், பேசிப் பழகறது ஆள் முன்னாடிதான்.

அன்னிக்கு கேமரா வழியா ரூம் தெரியுதேன்னு ஹெட்செட்ட கழட்டாமலே அக்கா பொண்ணுகிட்ட, நாளைக்கு பாட்டி வீட்டுக்கு வர்றியான்னு காட்டுனேன். நான் கட்டளை போடறேன்னு நெனச்சுட்டா, மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டு சோபாவுல போய் உக்காந்துட்டா. கழட்டிட்டு, அதே சைகைய புருவத்தைத் தூக்கிக் காட்டுனேன். உடனே தலையாட்டிட்டு பேக் எடுக்க ஓடிட்டா.