ஹவாய் மொழிக்கு ஹவாயிலேயே ஆள் சேரவில்லையாம்

விஷயம் உங்களுக்குத் தெரியும், போன வாரமே புலம்பிவிட்டேன். மகள் படிக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் அடுத்த வருஷம் ஹவாய் மொழி மூன்றாம் நிலை வகுப்பு கிடையாது. ஆள் சேரவில்லையாம். பெற்றோர் கூட்டத்தில் பள்ளிக்கார அம்மா ஒருவர் சிரித்த முகமாக, "வேணும்னா ஆன்லைன்ல படிக்கட்டுமே" என்றார். ஹவாயின் ஓவாஹு தீவிலேயே உட்கார்ந்துகொண்டு ஹவாய் மொழியை ஆன்லைனில் படிக்க வேண்டும். ரொம்ப நல்லது.

ஆள் ஏன் சேரவில்லை? 1893-ல் ஹவாய் நாட்டை ஆண்ட ராணி லிலியுஒகலானியைக் கவிழ்த்தார்கள். 1896-ல் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி, இல்லாவிட்டால் பள்ளிக்கு அங்கீகாரமே இல்லை என்று சட்டம் போட்டார்கள். 1834-லேயே மௌயி தீவின் லஹைனாலுனா பள்ளியில் சொந்த மொழியில் பத்திரிகை அச்சடித்த ஜனங்கள் இவர்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்த மொழி பேசுகிற 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 50 பேர்கூட இல்லை. இவ்வளவும் செய்துவிட்டு ஆள் சேரவில்லை என்கிறார்கள்!

இது பள்ளி மனசு வைத்துச் செய்கிற உபகாரம் இல்லை. ஆங்கிலத்தோடு ஹவாய் மொழியும் ஆட்சிமொழி என்று 1978-ல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று. பொதுப்பள்ளிகளில் மொழி, பண்பாடு, வரலாறு மூன்றுக்கும் ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்றும் அதிலேயே இருக்கிறது. நடப்பது என்ன? உயர்நிலைப் பள்ளியை முடிக்க ஹவாய் வரலாறு கட்டாயம். மொழி மட்டும் ஓவியத்தோடும் தொழிற்பாடத்தோடும் போட்டி போட்டு ஆள் பிடிக்க வேண்டும்.

"அதுக்குத்தான் ஹவாய் மொழியிலேயே பாடம் நடத்துற கையாபுனி பள்ளிகள் இருக்கே" என்பீர்கள். 1987-லிருந்து இருக்கின்றன, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அங்கே பெரும்பாலும் மழலை வகுப்பிலேயே சேர்ந்திருக்க வேண்டும். பதினைந்து வயசில் ஆசை வந்த பிள்ளை எங்கே போவாள்? ஆசிரியர் பஞ்சமா? உண்மைதான், மறுக்கவில்லை. மூன்றாம் நிலையை மூடினால் நாளைக்கு ஆசிரியர் வானத்திலிருந்தா குதிப்பார்?

எதிர்வீட்டு அங்கிள் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? இங்கே பெரியவர்கள் எல்லாருமே அங்கிள், ஆன்ட்டிதான், நம்ம ஊர் மாதிரியே. பள்ளியில் ஹவாய் மொழி பேசி அடி வாங்கிய அவர் பாட்டி, பேரனான இவரிடம் கடைசிவரை அதில் பேசவே இல்லையாம். ஒருநாள் கராஜில் வைத்துப் ஹவாய் மொழியில் இருந்த பழைய குடும்ப பைபிளை என் மகளிடம் நீட்டினார். முன்பக்கத்தில் பிறப்பு, இறப்பெல்லாம் பழுப்பேறிய மையில் அவர் கொள்ளுத்தாத்தா எழுதியது. இவள் விரல் வைத்துத் திக்கித் திக்கி வாசித்தாள். எழுபது வயசு மனுஷர் தன் வீட்டுச் சங்கதியை ஒரு தமிழ்ப் பெண் வாயால் தெரிந்துகொள்கிறார். எனக்குப் பெருமையாக இல்லை. கூச்சமாக இருந்தது.

"வந்தேறி உனக்கென்ன அக்கறை?" என்று ஒருத்தர் கேட்டார். வந்தேறி என்பதால்தான். இவர்கள் மண்ணில் சோறு தின்கிறேன்.

பள்ளிக்காரர்கள் பேசியதைக்கூட விட்டுவிடுவேன். நம்ம ஆட்கள் பேசியதுதான் ஆறவில்லை. தமிழ் அழிகிறது என்று மேடைதோறும் கண் கலங்குகிற அண்ணன் ஒருவர், சாப்பாட்டுப் பந்தியில் என் மகளிடமே, "செத்த மொழியைப் படிச்சு என்னம்மா பண்ணப்போறே, ஸ்பானிஷ் எடுத்திருக்கலாமே" என்கிறார். செத்த மொழியாம். நிஹாவ் தீவில் இன்றைக்கும் வீட்டுமொழி அது. 1999-லேயே அந்த மொழியில் படித்து முடித்த முதல் செட் பள்ளியை விட்டு வெளியே வந்துவிட்டது. இவள் வகுப்பில் தினமும் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று, ஓலி என்கிற ஹவாய்ப் பாட்டைப் பாடி அனுமதி கேட்ட பிறகுதான் குமு, அதாவது ஆசிரியர், உள்ளே விடுவார். பாத்திரம் கழுவும்போதும் அதைத்தான் பாடிக்கொண்டிருப்பாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

நம்ம மொழி என்றால் உயிர், அடுத்தவன் மொழி என்றால் ரெஸ்யூமேக்கு உதவுமா என்று பார்ப்பது. என்ன நியாயம் அண்ணே இது?

பொங்கல் விழாவுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட இந்த வருஷமும் அவளைத்தான் கேட்பீர்கள். கேட்காதீர்கள். வேறு ஆளைப் பாருங்கள்.